தாளம் நிற்காத குழு

விடிவதற்கு வெகு முன்பே ஊதுகொம்பு முழங்கும். முதல் முழக்கம் கேட்டால் மூட்டை கட்ட வேண்டும். இரண்டாவது கேட்டால் வரிசைக்கு வந்துவிட வேண்டும். மூன்றாவதுக்குக் கால் எடுத்து வைக்க வேண்டும். பல்லுத் தேய்த்து முடிக்கவில்லை, செருப்பு வார் அறுந்துவிட்டது என்றெல்லாம் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மராட்டியத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு ஆண்டுதோறும் போகும் ஞானி ஞானேஸ்வரரின் பல்லக்கு யாத்திரை நாள்தோறும் இப்படித்தான் கிளம்புகிறது. பக்தி என்றாலே கட்டுக்கடங்காதது என்று நினைத்து வருகிறவருக்கு முதல் ஆச்சரியம் இந்த ஒழுங்கு. இதில் ஒரு படைமுகாமின் வாடை அடிக்கும். அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு.

இந்தக் கட்டுரை அந்த யாத்திரையின் ஒரே ஒரு நாளைப் பற்றியது. புனே நகரத்திலிருந்து சாஸ்வட் ஊருக்கு நடக்கும் நாள். தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர், நடுவில் திவே மலைப்பாதை. முழு வழியிலும் இதுதான் மிக நீளமான நடை என்பார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் அன்றைக்கு ஏகாதசி வேறு. இந்த யாத்திரை போகும் பக்தர்களான வார்கரிகள் ஏகாதசி விரதம் தவறாதவர்கள். ஆக, அதிகமாக நடக்க வேண்டிய நாளில் சோறும் ரொட்டியும் கிடையாது. ஜவ்வரிசி உப்புமா, வேர்க்கடலை, வாழைப்பழம், தேநீர் என்று ஓட்ட வேண்டும். யாத்திரை அட்டவணையைத் திதியை வைத்துப் போட்டார்களே தவிர, உடம்பை வைத்துப் போடவில்லை.

பண்டரிபுரத்து விட்டலனைத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1676 முதல் தஞ்சையை ஆண்ட மராட்டியர் காலத்தில் வேர்பிடித்த பஜனை மரபில் அபங்கங்கள் எனும் மராத்திப் பக்திப் பாடல்கள் இன்றும் பாடப்படுகின்றன. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ (1944) படம் எடுத்துக்கொண்டது பண்டரிபுரத்துப் புண்டலீகன் கதையைத்தான். பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தவன், வந்த கடவுளையே செங்கல்லின் மேல் காத்து நிற்க வைத்த கதை. ஆனால் கோயிலும் கதையும் தெரிந்த அளவுக்கு அங்கே போகும் வழி நமக்குத் தெரியாது. மராட்டியத்து வார்கரிக்கோ வழிதான் வழிபாடு. பண்டரிபுரம் போய்ச் சேர்ந்தபின் கருவறை வரிசையில் நிற்காமல் கோபுரக் கலசத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் ஏராளம். அதை அவர்கள் ஒரு குறையாகவே எண்ணுவதில்லை.

நேர்த்திக்கடனும் இதில் முக்கியமில்லை. பழனிக்கோ கதிர்காமத்துக்கோ நடப்பவர்களில் பலர் ஒரு வேண்டுதலோடு நடப்பார்கள். வாரி என்று அழைக்கப்படும் இந்த நடை அப்படிப்பட்டதன்று. வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் ஆண்டுதோறும் போய்வர வேண்டியது. ஆடி மாத வாக்கில் வரும் வளர்பிறை ஏகாதசிக்குப் பண்டரிபுரத்தில் இருக்க வேண்டும். அதற்காகச் சுமார் 240 கிலோமீட்டரை 18 நாள் அளவில் கடக்கிறார்கள். பாதி மராட்டியத்தில் அப்போதுதான் மழை தொடங்கியிருக்கும். விதைத்துவிட்டுக் கிளம்பினவர்கள் நிம்மதியாக நடப்பார்கள். மழை பிந்தினால் நடக்கிற கூட்டத்தில் பாதிப் பேச்சு வானத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

ஞானேஸ்வரர் 1275இல் பிறந்து 1296இல், 21 வயதில், ஆளந்தியில் ஜீவசமாதி அடைந்தவர் என்பது மரபு. துறவியாகப் போன தந்தை குருவின் சொற்படி இல்லறத்துக்குத் திரும்பியதால் பிராமண சமூகம் அந்தக் குடும்பத்தையே தள்ளி வைத்தது. சாதியிலிருந்து விலக்கப்பட்ட வீட்டுப் பிள்ளையின் பாதுகைகளைத்தான் லட்சக்கணக்கானவர்கள் பல்லக்கில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். பாதுகைகளைப் பல்லக்கில் வைக்கும் வழக்கத்தை 1685இல் தொடங்கியவர் மராத்திப் பக்திக் கவி துக்காராமின் இளைய மகன் நாராயண மகராஜ். ஞானேஸ்வரர், துக்காராம் இருவரின் பாதுகைகளும் அப்போது ஒரே பல்லக்கில் போயின. 19ஆம் நூற்றாண்டில் அது இரண்டாகப் பிரிந்தது. ஞானேஸ்வரர் பல்லக்குக்கு இன்றுள்ள வடிவத்தைக் கொடுத்தவர் ஹைபத்ராவ் அர்பல்கர். சாத்தாரா வட்டாரத்து அர்பல் ஊர்க்காரர். குவாலியர் சிந்தியாவின் படையில் சர்தாராக இருந்து, அதை உதறிவிட்டு ஆளந்திக்கு வந்து சேர்ந்தவர். 1830களின் தொடக்கத்தில் அவர் வகுத்த முறைதான் இன்றும் நடக்கிறது. பெல்காம் பக்கத்து அங்கலியின் ஷிதோளே சர்தார் குடும்பம் அன்று குதிரை கொடுத்து உதவியது. குதிரைகள் இன்றும் அங்கலியிலிருந்தே நடந்து வருகின்றன. ஊதுகொம்பு, நகரா முரசு, குதிரை, கூடாரம், வெள்ளித் தடி ஏந்திய சோப்தார் என்று ஒரு மராட்டியப் படை புறப்படும்போது என்னென்ன இருக்குமோ அவற்றில் ஆயுதம் தவிர மற்றதெல்லாம் இங்கே இருக்கிறது.

அணிவகுப்பைப் பார்க்கலாம். முன்னால் நகரா வண்டி. பிறகு இரண்டு குதிரைகள். ஒன்றில் கொடி பிடித்த வீரர். மற்றதில் ஆள் கிடையாது, சேணம் மட்டும். அதில் ஞானேஸ்வரரே வருகிறார் என்பது நம்பிக்கை. பிறகு திண்டி என்று மராத்தியில் சொல்லப்படும் நடைக்குழுக்கள். பல்லக்கை ஏற்றிவரும் ரதத்துக்கு முன்னால் 27, பின்னால் 200-க்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஊர்வலத்தில் எந்த எண் எந்த இடம் என்பது பரம்பரை உரிமை. குழுவுக்குள்ளும் அப்படியே: முதலில் காவிக்கொடி ஏந்தியவர்கள், அடுத்து கைத்தாளக்காரர்கள் வரிசை வரிசையாக, நடுவில் பக்வாஜ் மத்தளம், அதற்குப் பின் வீணைக்காரர். வீணை என்றால் நம்மூர் வீணையை நினைக்கக் கூடாது. தோளில் மாட்டி நின்றபடி மீட்டும் எளிய கருவி. அதை ஏந்தியவரே குழுவின் தலைவர், அவர் எடுத்துக் கொடுக்கும் அடியைத்தான் மற்றவர்கள் பாடுவார்கள். கடைசியில் பெண்கள். சிலர் தலையில் துளசி மாடம். சிலர் தலையில் தண்ணீர்க் குடம், வழியில் தாகமென்றவருக்கு ஊற்ற.

பாட்டுக்கும் அட்டவணை உண்டு. காலையில் மங்களாசரணம், பூபாளி. பிறகு குருடனும் முடவனும் வாசுதேவனும் பேசுவதாக அமைந்த உருவகப் பாடல்கள், கோபியர் பாடல்கள். பிற்பகலில் அந்தந்தக் கிழமைக்கென்று ஒதுக்கிய அபங்கங்கள். மாலையில் ஹரிபாட். இதை மாற்றிப் பாட எவருக்கும் உரிமையில்லை. நெடுந்தூரம் நடந்தவர்களுக்கு இதன் பயன் உடனே புரியும். மணி எத்தனை என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், எந்தப் பாட்டு ஓடுகிறது என்று கேட்டால் போதும். தாளத்துக்கு அடி வைத்தால் வேகம் கூடாது, குறையாது. கொப்புளம் வந்த காலுக்கும் அடுத்த அடி எப்போது என்பது முன்பே தெரிந்திருக்கும்.

புனேயில் ஞானேஸ்வரர் பல்லக்கு பவானி பேட்டையின் பல்லக்கு விட்டோபா கோயிலிலும், துக்காராம் பல்லக்கு நானா பேட்டையின் நிவடுங்க விட்டோபா கோயிலிலும் தங்கும். இரண்டும் ஒரே காலையில் கிளம்பிக் கிழக்கே போகும். கடைகள் மூடியிருக்க, சாலையோரமெங்கும் வாழைப்பழத் தார்களோடும் மோர்ப் பானைகளோடும் மக்கள் நிற்பார்கள். முடிதிருத்துபவர்கள் நாற்காலி போட்டு இலவசமாகச் சவரம் செய்வார்கள். செருப்புத் தைக்கிறவர்கள் அறுந்த வாரைக் காசு வாங்காமல் தைத்துக் கொடுப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் எண்ணெய் தடவிக் கால் பிடித்துவிடுவார்கள். எல்லோரும் எல்லோருக்கும் ‘மாவுலி’. தாயே என்று பொருள்படும் இந்தச் சொல் ஞானேஸ்வரருக்கு உரியது. ஆனால் வழியை மறிக்கிற போலீஸ்காரரும் மாவுலி, முழங்கையால் இடித்தவரும் மாவுலி, தேநீர் தருகிறவரும் மாவுலி. ஒருவர் காலில் ஒருவர் விழும்போது வயதோ படிப்போ பார்ப்பதில்லை.

ஹடப்சரில் இரண்டு பல்லக்குகளும் பிரிகின்றன. துக்காராம் சோலாப்பூர்ச் சாலையில் லோணி காள்போர் நோக்கி நேரே போகிறார். ஞானேஸ்வரர் வலப்புறம் திரும்பி சாஸ்வட் சாலையைப் பிடிக்கிறார். மீண்டும் இருவரும் சந்திப்பது பண்டரிபுரத்தின் வாசலில், வாக்ரியில்தான்.

திரும்பிய கொஞ்ச தூரத்தில் நகரம் கழன்றுவிடும். வட்கி ஊரைத் தாண்டினால் மலை. திவே மலைப்பாதை 4, 5 கிலோமீட்டர் ஏற்றம். புகைப்படக்காரர்கள் அதிகாலையிலேயே மேலேறி இடம் பிடித்திருப்பார்கள். வளைந்தேறும் சாலை முழுக்கக் காவிக்கொடியும் வெள்ளைத் தொப்பியுமாக அடுத்த நாள் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வரும் படம் இங்கே எடுப்பதுதான். படத்தில் வராதது மூச்சு. வெள்ளி ரதத்தை இழுக்கும் மாட்டு ஜோடிக்கு இங்கே தனியாக முடியாது, கூடுதலாகச் சில ஜோடிகளைப் பூட்டுவார்கள். அந்த ஏற்றத்தில் மாடு தருவதை ஊர்க்காரர்கள் பெரிய கௌரவமாக நினைக்கிறார்கள். ரதம் நகர நகரப் பின்னாலிருப்பவர்கள் நிற்பதும் நடப்பதுமாக ஏற வேண்டும். தொடர்ந்து ஏறுவதைவிட இது இருமடங்கு களைப்பு. பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்திய கிழவிகள், பாட்டுக்கு வாயசைத்தபடி, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி ஊன்றி ஏறுகிறார்கள். மழை வந்தால் தார்ச்சாலை வழுக்கும், வராவிட்டால் வேகும். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் கீழே மஸ்தானி ஏரி தெரியும். அதைப் பார்க்க நிற்பவர்கள் அநேகமாகப் புனேயிலிருந்து அன்றைக்கு மட்டும் கூட நடக்க வந்தவர்கள்.

எல்லோரும் ஒன்றாக ஏறுகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிற உண்மை. சமத்துவம் என்று இதை எழுதிவிடுவதும் எளிது. ஆராய்ச்சியாளர்கள் இந்த இடத்தில்தான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

1970களில் மானுடவியலர் விக்டர் டர்னர் யாத்திரைகளைப் பற்றி ஒரு பெரிய கோட்பாட்டைச் சொன்னார். வழியில் இருக்கும்போது மனிதர்கள் தங்கள் அந்தஸ்துகளைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவகைத் தோழமைக்குள் வருகிறார்கள் என்பது அதன் சாரம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகளில் பண்டரிபுரமும் ஒன்று. தானே நடந்து எழுதவில்லை. பிரெஞ்சு யேசு சபைத் துறவி கீ தெலூரி 1960இல் வெளியிட்ட ஆய்வையும், இராவதி கார்வேயின் கட்டுரையையும் படித்து எழுதினார். கார்வேயின் கட்டுரை அந்தக் கோட்பாட்டுக்கு அவ்வளவு வசதியானதன்று என்பது டர்னருக்கே தெரிந்திருந்தது.

கார்வே (1905-1970) புனே டெக்கான் கல்லூரியின் மானுடவியலர். பல்லக்கோடு தானே நடந்து மராத்தியில் எழுதியதன் ஆங்கில வடிவம் 1962இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வந்தது. மராட்டியம் என்பது பண்டரிபுரத்துக்கு நடக்கிறவர்களின் நாடு என்ற பொருளில் அதில் அவர் சொன்ன வரையறையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் சமையலைப் பற்றி எழுதிய பகுதி. அவர் நடந்த குழுவில் பிராமணரும் மராட்டா சாதியினரும் இருந்தார்கள். ஒரே அபங்கத்தைச் சேர்ந்து பாடினார்கள், ஒரே வரிசையில் நடந்தார்கள். நிறுத்துமிடம் வந்ததும் இரண்டு அடுப்பு, இரண்டு பந்தி. நாள்தோறும் இது அவரை உறுத்தியது. ஒருமுறை மராட்டா பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் அவரோடு பழகிய விதமே மாறியது, கையைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தார்கள், வீட்டுக் கதைகளைச் சொன்னார்கள் என்று பதிவு செய்கிறார். மைல்கணக்கில் சேர்ந்து நடந்ததால் வராத நெருக்கம் ஒருவேளைச் சாப்பாட்டில் வந்துவிட்டது.

இந்த ஒரு பத்தி டர்னரின் கோட்பாட்டை முறியடிக்கிறதா? முழுக்க இல்லை. சேர்ந்து நடக்காவிட்டால் அந்தப் பெண்களை அவர் சந்தித்தே இருக்க மாட்டார். ஆனால் தோழமை எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதற்கு அவர் ஓர் எல்லைக்கோடு போட்டுக் காட்டினார். நடை, பாட்டு, காலில் விழுவது எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். அடுப்பு அந்தப் பக்கம். ஜான் கியூன் 2021இல் வெளியிட்ட நூல் இதே முடிச்சைப் பிராமணப் பக்திக் கவி ஏகநாதரின் கதைகளை வைத்து ஆராய்கிறது. தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட மஹார் சாதியார் வீட்டில் ஏகநாதர் சாப்பிட்ட கதை நூற்றாண்டுகளாக எப்படியெல்லாம் மாற்றி மாற்றிச் சொல்லப்பட்டது என்று பின்தொடர்கிறார். பக்தியில் எல்லோரும் சமம் என்று சொல்வது வார்கரி மரபுக்குக் கடினமாக இருந்ததில்லை. அதைச் சாப்பாட்டில் காட்டுவதுதான் கடினமாக இருந்தது.

அடுப்பு இன்று லாரியில் போகிறது. ஒவ்வொரு குழுவுக்கும் லாரி உண்டு. குழுவில் சேர்கிறவர் ஒரு தொகை கட்டுவார். அதில் மூன்று வேளைச் சாப்பாடு, மூட்டை ஏற்றுவது, கூடாரம் எல்லாம் அடங்கும். சமைக்கிற பெண்கள் ஊதுகொம்புக்கும் முன்பே எழுந்து மாவு பிசைவார்கள். ஏகாதசி என்றால் ஜவ்வரிசி ஊறவைத்திருப்பார்கள். நடக்கிறவர்கள் கிளம்பியதும் பாத்திரம் கழுவி ஏற்றிக்கொண்டு லாரி முந்திப் போய்விடும். குழு வந்து சேரும்போது கூடாரம் எழும்பியிருக்க வேண்டும், வெந்நீர் கொதித்திருக்க வேண்டும். எழுத்தாளர் தி. பா. மோகாஷி 1960களில் எழுதிய ‘பால்கி’ பல்லக்குப் பயணத்தின் மிகச் சிறந்த நேரடிப் பதிவு. அவரைப் போல வழியைக் கூர்ந்து கவனித்தவர்கள் குறைவு. லாரியைப் பற்றி அந்த அளவில் ஒரு புத்தகம் வந்தால் வாரியின் வரலாறு வேறு மாதிரி தெரியும்.

சாஸ்வட் வந்து சேர இருட்டிவிடும். ஞானேஸ்வரரின் தம்பி சோபானதேவரின் சமாதி இங்கே இருப்பதால் பல்லக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக ஓர் இரவு தங்கும். 30 கிலோமீட்டர் நடந்த கால்களோடு எல்லோரும் நேரே கூடாரத்துக்குப் போய்விட முடியாது. தங்குமிடத்தில் சமாஜ ஆரத்தி இருக்கிறது.

ஒரு நாளின் மொத்த நடையில் எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது என்பேன். பாதுகைகள் இறங்கியிருக்கும் கூடாரத்தைச் சுற்றிக் குழுக்கள் வட்டமாக வந்து நிற்கின்றன. நூற்றுக்கணக்கான கைத்தாளங்கள் ஒரே நேரத்தில் அதிர்கின்றன. பக்கத்தில் நிற்பவரோடு பேச முடியாத சத்தம். சோப்தார் நடுவில் வந்து வெள்ளித் தடியை உயர்த்தி ஒரு குரல் கொடுக்கிறார். சட்டென்று எல்லாத் தாளமும் நின்றுவிடுகின்றன. எங்காவது ஒரு குழுவின் தாளம் மட்டும் நிற்காமல் ஒலித்தால், அந்தக் குழுவுக்கு ஒரு புகார் இருக்கிறது என்று அர்த்தம்.

சோப்தார் அந்தக் குழுவிடம் போகிறார். என்ன குறை என்று கேட்கிறார். எங்கள் வரிசைக்குள் இன்னொரு குழு புகுந்துவிட்டது, கூடாரம் போட எங்களுக்குரிய இடத்தில் வேறொருவர் லாரியை நிறுத்திவிட்டார், தண்ணீர் லாரி எங்கள் பக்கம் வரவில்லை. இப்படி எதுவாகவும் இருக்கலாம். பல்லக்கின் பொறுப்பாளர்களிடம் அது போகிறது, அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் தீர்வு சொல்லப்படுகிறது. தீர்வு கிடைக்கும்வரை தாளம் அடிக்கும் உரிமை அந்தக் குழுவுக்கு உண்டு. பிறகு அன்று தொலைந்த பொருள்கள், கிடைத்த பொருள்கள் அறிவிக்கப்படுகின்றன. ஒருவரின் பை, இன்னொருவரின் மூக்குக்கண்ணாடி, கூட்டத்தில் பிரிந்த யாரோ ஒருவரின் தாயார். அடுத்த நாள் எத்தனை மணிக்குப் புறப்பாடு என்று அறிவிப்பு. கடைசியாக ஆரத்தி.

லட்சம் பேர் நடக்கிற கூட்டத்தில் ஒரு சிறு குழு தன் குறையை மேலிடத்தின் காதில் போட, மனு எழுத வேண்டாம், ஆள் பிடிக்க வேண்டாம், கோஷம் போட வேண்டாம். மற்றவர்கள் நிறுத்தும்போது தான் நிறுத்தாமல் இருந்தால் போதும். அமைதியின் நடுவே அந்தத் தாளம் கேட்டே தீரும். புகார் சொல்கிறவர் யார் என்பதும் மறைவில்லை, தீர்ப்பு சொல்கிறவர் யார் என்பதும் மறைவில்லை. நாளைக்கென்று ஒத்திப்போடவும் இடமில்லை, ஏனென்றால் நாளைக்கு நடக்க வேண்டும். வாரியின் ஒழுங்கு இத்தனை தலைமுறை உடையாமல் வந்ததற்கு பக்தியை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது என்பது என் எண்ணம். ஹைபத்ராவின் படையணி ஒழுங்கும் தனியே போதாது. குறையை அன்றன்றைக்கே வெளியே கொட்டிவிட ஒரு வழி இருந்ததும் சேர்ந்துதான் இதைக் காப்பாற்றியிருக்கிறது.

அந்த வட்டத்துக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. எண் பெற்று, வரிசையில் இடம் பெற்று, தாளத்தோடு வந்து நிற்கிற குழுவுக்குத்தான் அங்கே குரல். கார்வே பார்த்த இரண்டு அடுப்புகளைப் பற்றி அங்கே யாரும் தாளம் தட்ட முடியாது, அது குழுவின் உள்விஷயம். மாவு பிசைகிற பெண்களின் கையில் தாளமே கிடையாது. வட்டத்துக்குள் வர முடிந்த குறைகள் ஒரே இரவில் தீர்ந்தன. வர முடியாதவற்றுக்கு எவ்வளவு காலம் ஆனது என்று பார்த்தால் அதன் எல்லை தெரியும்.

சோகாமேளர் 14ஆம் நூற்றாண்டு மஹார் கவி. அவர் அபங்கங்கள் வழியெல்லாம் பாடப்படுகின்றன. ஆனால் அவர் உயிரோடிருந்தபோது பண்டரிபுரம் கோயிலுக்குள் நுழைய முடியவில்லை. அவருடைய சமாதி கோயிலின் பெரிய வாசலுக்கு வெளியே இருக்கிறது. அவர் பாட்டைப் பாடிக்கொண்டே வந்த அவருடைய சாதிக்காரர்கள் அந்தச் சமாதியோடு நின்று திரும்பினார்கள். இது ஒன்றிரண்டு தலைமுறைக் கதையன்று, 600 ஆண்டுகள். 1947 மே மாதம் காந்தியரான எழுத்தாளர் சானே குருஜி பண்டரிபுரத்தில் 10 நாள் உண்ணாவிரதம் இருந்த பிறகே தலித்துகளுக்குக் கோயில் திறந்தது. பரம்பரையாகப் பூசையும் வருமானமும் வைத்திருந்த படவே, உத்பாத் குடும்பங்களின் உரிமை சட்டப்படி முடிவுக்கு வர 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு பிராமணரல்லாதவர்களையும் பெண்களையும் பூசகர்களாக நியமித்தார்கள். இவற்றில் எதுவும் வழிநடையின் தோழமையிலிருந்து தானாகக் கனிந்து விழவில்லை. பாட்டு அதற்கான நியாயத்தைக் கொடுத்தது உண்மை. சானே குருஜி அந்தப் பாட்டுகளில் ஊறியவர். ஆனால் கதவைத் திறக்க வைத்தது வெளியிலிருந்து வந்த நெருக்கடிதான்.

இன்னொன்று எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதியாக வேண்டும். இத்தனை லட்சம் பேர் ஒரு சிறு ஊரில் இரவு தங்கி விடியற்காலையில் கிளம்பினால் அந்த ஊரின் வயல்வரப்பும் ஆற்றங்கரையும் என்ன ஆகும்? அங்கே கிடக்கும் கழிவைக் கையால் அள்ளியவர்கள் யார் என்பதை இந்தியாவில் விளக்க வேண்டியதில்லை. பண்டரிபுரத்தில் யாத்திரைக் காலத்தில் மனிதக் கழிவை மனிதரை வைத்து அகற்றுவதை எதிர்த்த வழக்கு மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சந்திரபாகை ஆற்று மணலில் கூடாரம் போடத் தடை வந்தது, மாற்றாக 65 ஏக்கரில் தங்குமிடம் அமைந்தது, வழியெங்கும் நடமாடும் கழிப்பறைகள் நிறுத்தப்பட்டன. இப்போது சாஸ்வட் தங்குமிடத்திலும் அவை வரிசையாக நிற்கின்றன. அள்ளியவர்கள் எந்தக் காலத்திலும் எந்தக் குழுவாகவும் அந்த ஆரத்தி வட்டத்தில் நின்றதில்லை. அவர்கள் குறை நீதிமன்றம் வழியாகத்தான் வர முடிந்தது.

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பெருந்தொற்றால் நடை நின்றது. 2020 ஜூன் 30 அன்று பாதுகைகள் அரசுப் பேருந்தில் ஏறிப் பண்டரிபுரம் போயின. 18 நாள் வழி சில மணி நேரத்தில் முடிந்தது. திதி தவறவில்லை, சடங்கும் குறையவில்லை. ஆனாலும் அதை வாரி என்று சொல்ல எந்த வார்கரிக்கும் வாய் வரவில்லை. மறுபடி நடக்கத் தொடங்கியபோது சாலையே மாறிக்கொண்டிருந்தது. 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட பால்கி மார்க் நெடுஞ்சாலைத் திட்டத்தில், ஞானேஸ்வரர் வழி திவே மலைப்பாதையிலிருந்து மோஹோள் வரை சுமார் 221 கிலோமீட்டர், துக்காராம் வழி பாட்டஸிலிருந்து தோண்டலே-போண்டலே வரை சுமார் 130 கிலோமீட்டர். நடப்பவர்களுக்கென்று ஓரத்தில் தனிப் பாதையும் உண்டு. வாகனங்களுக்கும் கால்களுக்கும் நடுவே இருந்த ஆபத்து குறையும் என்பதில் சந்தேகமில்லை, பழைய குறுகிய சாலையில் நடந்த யாரும் இதை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அகலப்படுத்தும்போது பழைய ஆலமரங்கள் பல போய்விட்டன. புனேயை விட்டுக் கிழக்கே போகப் போக மழை மறைவுப் பிரதேசம். ஜேஜூரி தாண்டினால் நிழல்தான் பெரிய செல்வம். மதிய ஓய்வு எந்த மரத்தடியில் என்பதையும் ஹைபத்ராவின் முறை வைத்திருந்தது. சில இடங்களில் மரம் போய்விட்டது, ஓய்வுக்குரிய நேரம் மட்டும் மாறாமல் இருக்கிறது.

அந்த மரங்களுக்காக எந்தக் குழு சாஸ்வட்டில் தாளத்தை நிறுத்தாமல் அடித்தாலும், சோப்தார் வந்து கேட்டுக்கொள்ளலாம், பல்லக்கின் பொறுப்பாளர்களும் தலையசைக்கலாம். நெடுஞ்சாலைத் துறை அந்த வட்டத்தில் நிற்பதில்லை.